மாரிக்குப் படகு எங்கே: நீரேரியிலா, கரையிலா? செம்மலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஒக்டோபர் நடுவில் அத்தான் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் அறுவைச் சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். தை பிறக்கும்வரை காலை ஊன்றக்கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. அவருடைய படகோ முல்லைத்தீவு மாவட்டத்துச் செம்மலைக்குத் தெற்கே, நாயாற்று நீரேரியில் நங்கூரத்தில் நின்றது. மாரிதோறும் அது அங்கேதான் நிற்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அத்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், படகில் தேங்கியதை வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு வருவார். இந்த முறை அள்ளுகிற ஆள் கட்டிலில் கிடந்தார்.

வவுனியாவில் வேலை பார்க்கும் எனக்கு அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, படகை என்ன செய்வது? தண்ணீரிலேயே விடுவதா, கரையில் ஏற்றுவதா?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் எடுத்த முடிவையும், அது எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே கரையில் இதே கேள்வியோடு ஐப்பசியில் நிற்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு எங்கள் பிழை பயன்படட்டும்.

படகும் காலமும்

படகு 18½ அடி நீளமுள்ள திறந்த பைபர் படகு. பின்னால் 25 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். 2009 இல் வள்ளம், வலை, எஞ்சின் என்று ஒன்றும் மிஞ்சாமல் போய், பிறகு வெறுங்கையோடு ஊர் திரும்பிய குடும்பம் அது. மீள்குடியேறிய பின் கடன்பட்டு வாங்கி, ஆண்டுக்கணக்கில் தவணை கட்டி மீட்ட படகு. அது இல்லையென்றால் வேறு வருமானம் இல்லை. ஆகவே எங்கே நிறுத்துவது என்பது அக்காவுக்குச் சாப்பாட்டுக் கேள்வி.

வன்னிக்கு இரண்டு கடல்கள். கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவு, சாலை, சுண்டிக்குளம் வரை கிழக்கே ஒன்று. மன்னாரிலிருந்து பூநகரி வரை மேற்கே மற்றொன்று. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்கில் தொழில் நடக்கும். ஐப்பசி பிற்பகுதியில் வடகிழக்கு வாடை பெயர்ந்ததும் நிலைமை தலைகீழாகும். பனி உறையும் நாடுகளில் குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்றுகிறார்கள் என்றால், எஞ்சினுக்குள் நின்ற தண்ணீர் உறைந்து விரிந்து இரும்பைப் பிளந்துவிடும் என்ற பயம் அங்கே பெரிது. எங்களுக்கு உறைபனி இல்லை. ஆனால் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். புயலும் அப்போதுதான் வரும். தலைமன்னாரைச் சிதைத்த 1964 டிசம்பர்ப் புயல், மட்டக்களப்பைப் புரட்டிய 1978 நவம்பர்ப் புயல், இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள் கிடந்த வன்னி மக்களை வெள்ளத்தில் தள்ளிய 2008 நவம்பரின் நிஷா, மூன்றும் இந்தப் பருவத்தில்தான் வந்தன.

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. படகை லொறியில் ஏற்றி மன்னார்த் தீவின் தெற்குப் பக்கம், அரிப்பு, சிலாவத்துறை என்று வாடைக்கு ஒதுக்கான கரைக்குக் கொண்டுபோய்த் தொழில் செய்யலாம். கால் முறிந்தவருக்கு அது சரிவராது. அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

நீரேரியின் கணக்கு

நீரேரியில் விடுவதற்கு நியாயம் இருக்கிறது. ஆட்கூலி இல்லை, உழவு இயந்திரம் வேண்டாம், கடல் இரண்டு நாள் அடங்கினால் உடனே போகலாம். அத்தானின் சின்னையா அறுபதைக் கடந்தவர், தன் படகை எப்போதும் அங்கேதான் விடுவார். "தண்ணீரில் நிற்கிற படகுக்கு எல்லாப் பக்கமும் தாங்கல் இருக்கிறது, பிள்ளை. கரையில் ஏற்றினால் இரண்டு குற்றியில்தான் நிற்கும்" என்று அவர் அக்காவிடம் சொன்னார். இந்த வாக்கியம் எவ்வளவு உண்மை என்பது ஒன்றரை மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

ஆனால் மழைக் கணக்கு அவருக்கு எதிராக நின்றது. ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர் சேரும். எங்கள் படகின் திறந்த வாய் ஏறத்தாழ 6 சதுர மீற்றர். இரவோடிரவாக 100 மில்லிமீற்றர் கொட்டினால் 600 லீற்றர், அதாவது 600 கிலோ. கார்த்திகையில் எங்களுக்கு அது புதுமை இல்லை. அந்தத் தண்ணீர் படகுக்குள் ஒரே இடத்தில் நிற்காது. அலையோடு பக்கத்துக்குப் பக்கம் உருண்டு, படகைச் சாய்த்து, விளிம்பைத் தாழ்த்தி, வெளித்தண்ணீரையும் உள்ளே அழைத்துவிடும். அள்ளுவதற்கு ஆள் இருந்தால் இது வேலை. ஆள் இல்லையென்றால் இது ஆபத்து.

நீரேரிக்கு இன்னொரு குணமும் உண்டு. இந்தக் கரையில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்குக் குறைவு. ஆகவே கடல் ஏறி இறங்குவதால் படகுக்குப் பெரிய தொல்லை இல்லை. நீரேரியின் மட்டத்தைத் தீர்மானிப்பது மழையும், அது கடலோடு சேரும் வாயான தொடுவாயும். கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துவிடும். மாரியில் குமுளமுனைப் பக்கத்துத் தண்ணிமுறிப்புக் குளம் போன்றவை நிரம்பி வான் பாயத் தொடங்கினால் நீரேரி நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒருநாள் தொடுவாய் உடைத்துக்கொள்ளும், அல்லது வயல்களைக் காப்பாற்ற வெட்டிவிடுவார்கள். நாள்கணக்கில் ஏறிய தண்ணீர் சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். கொக்குத்தொடுவாய் என்று ஊர்ப்பெயரிலேயே தொடுவாயை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அந்த நீரோட்டத்தின் வலு தெரியும். குட்டையான கயிற்றில் கட்டிய படகை ஏறும் தண்ணீர் அதன் முன்முனையான அணியத்தைப் பிடித்து அமுக்கும். நீளமான கயிற்றில் விட்ட படகை இறங்கும் தண்ணீர் கொண்டுபோய்ச் சேற்றில் சாய்க்கும். இரண்டுக்கும் பொருந்துகிற கயிற்று நீளம் என்று ஒன்று இல்லை. நேரத்துக்கு வந்து கயிற்றைக் கூட்டிக் குறைக்க ஓர் ஆள் வேண்டும்.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒரு சேதம். பைபர் படகின் வெளித்தோலான ஜெல்கோட்டு, தண்ணீர் புகாத சுவர் என்றே பலர் நம்புகிறோம். நெடுங்காலம் நனைந்து கிடந்தால் அதன் வழியே தண்ணீர் மெல்ல மெல்ல ஊறிச் செல்லும். உள்ளே பைபரைப் பிணைக்கும் பசையான ரெசினில் உள்ள, தண்ணீரில் கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து கரைசலாகி, மேலும் தண்ணீரை இழுத்து, தோலைக் கொப்புளமாகத் தள்ளும். இது உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில் விரைவாக நடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னும் விரைவாக. மாரியில் நீரேரி உவர்ப்பு இழந்து ஏறத்தாழ ஆற்றுத் தண்ணீராகிவிடுகிறது. கடலைவிடப் பாதுகாப்பு என்று நாங்கள் நம்பிய இடம், படகின் தோலுக்குக் கடலைவிடக் கெட்ட இடம்.

இது எனக்கு ஏட்டறிவாக இருந்தது. ஒக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை, படகைச் சரித்து அடியைப் பார்த்தபோது கண்ணறிவானது. நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே, பட்டாணிக் கடலை அளவில், விரலால் தடவினால் தட்டுப்படுகிற கொப்புளங்கள். ஒன்றை ஆணி முனையால் குத்தினேன். பிசுபிசுப்பான ஒரு துளி வந்தது, அதில் வினாகிரி மணம் அடித்தது. ரெசின் உள்ளே கெட்டுக்கொண்டிருப்பதன் மணம் அது.

கரையேற்றினோம்

முடிவு எடுக்க அதற்குமேல் நேரம் ஆகவில்லை. அத்தான் கட்டிலில் இருந்தபடியே தலையசைத்தார். சின்னையா மனமில்லாமல் வந்தார், வந்தபின் மற்றவர்களைவிட அதிகம் தள்ளினார்.

முதலில் எஞ்சின். ஐம்பது கிலோவுக்கு மேல் கனம் உள்ளதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரிய பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள் வைத்து ஓடவிட்டோம். உள்ளே இருந்த உப்பு கழுவிப் போக வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினை நிறுத்துமுன் சில நிமிடம் பெற்றோலில் ஓடவிட வேண்டும் என்பதை அத்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்து நினைவூட்டினார். காபரேற்றரை வடித்து, பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு தரம் இழுத்துச் சுற்றவிட்டு, மரச்சட்டத்தில் நிமிர்த்தி மாட்டினோம். படுக்க வைத்தால் எஞ்சியிருக்கும் தண்ணீர் புகைவழியாகச் சிலிண்டருக்குள் இறங்கலாம். எஞ்சின் வேலையில் நாங்கள் ஒரு பிழையும் விடவில்லை. தையில் முதல் சில இழுப்பிலேயே எடுத்துக்கொண்டது.

பிறகு படகு. எட்டுப் பேர், ஓர் உழவு இயந்திரம், உருட்டுவதற்குப் பனங்குற்றிகள், அரை நாள். எங்கே வைப்பது என்பதில் சின்னையா ஒரு நல்ல வழி காட்டினார். கடற்கரையில் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கும் எல்லையைப் பார்க்கச் சொன்னார். வழக்கமான மாரி அலை அடிக்கடி தொடுகிற இடத்தில் அடம்பன் நிலைத்து வளராது. அந்தக் கொடி அடர்த்தியாக நிற்கும் இடத்துக்கும் பின்னால், மேட்டில் வைத்தால் புயலலைதான் எட்ட முடியும். ஆழிப்பேரலைக்கு எந்தக் கணக்கும் இல்லை, அதை இங்கே எல்லோரும் அறிவோம். வேறு அலைகளுக்கு இந்தப் பச்சைக்கோடு நம்பத்தகுந்த அளவுகோல்.

அந்தக் கோட்டுக்கு அறுபது அடி பின்னால் ஒரு பூவரச மரம் நின்றது. நிழல் இருக்கிறதே என்று அதன் கீழ் வைத்தோம். வைக்கச் சொன்னவன் நான். அணியத்தின் கீழ் ஒரு பனங்குற்றி, பின்பக்கத்தின் கீழ் ஒரு பனங்குற்றி. தண்ணீர் பின்னுக்கு வடிய வேண்டும் என்று அணியத்தை ஒரு முழம் உயர்த்தினோம். பின்பலகைக்குக் கீழே உள்ள வடிகால் துளையின் தக்கையைக் கழற்றினோம். படகின் மேல் தறப்பாளை இழுத்துக் கட்டினோம். பார்க்க நன்றாகவே இருந்தது. நான் அன்றிரவே வவுனியா பஸ் ஏறினேன்.

டிசம்பர் 2 முதல் 6 வரை

புரெவிப் புயல் டிசம்பர் 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்தது. காற்று பயந்த அளவுக்கு இல்லை. மழை எதிர்பார்த்ததைவிட நீண்டது. கரை கடந்த புயல் வன்னியைக் குறுக்காகக் கடந்து மன்னார் வளைகுடாவில் போய் நகராமல் நின்றுகொண்டதால், நாள்கணக்கில் மழை விடவில்லை. அக்கா குடும்பம் முன்கூட்டியே உறவினர் வீட்டுக்குப் போயிருந்தது. கட்டிலோடு இருக்கும் அத்தானைக் கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நான்கு நாள் படகைப் பார்க்க ஒருவரும் போகவில்லை.

6 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். அலை அந்த மேட்டை எட்டவே இல்லை. அடம்பன் கோட்டுக்குச் சற்று மேலே பாசியும் சருகும் வரிசையாக ஒதுங்கியிருந்தன, அதோடு சரி. தூரத்தில் இருந்து பார்த்தபோது படகு வைத்தபடியே இருந்தது. மனம் குளிர்ந்தது.

கிட்டப் போனபோது தறப்பாளைக் காணவில்லை. அது படகுக்குள் தண்ணீரில் கிடந்தது. பின்பக்கம் விளிம்பு முட்டத் தண்ணீர். மேலே பூவரசம் பூக்கள் மிதந்தன, கீழே நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. கையைத் தோள்வரை விட்டுத் துளையைத் தேடினேன். துளை இருந்த இடத்தில் விரலுக்கு வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. ஒரே ஓர் இலை. அகன்ற, இதய வடிவப் பூவரச இலை, துளையின் மேல் மூடிபோல் படிந்து, தண்ணீரின் அழுத்தத்தில் ஒட்டவைத்ததுபோல் இறுகியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பியதும் கோலி அளவுத் துளையால் தண்ணீர் பீறிட்டுப் பாய்ந்தது. முற்றாக வடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட தண்ணீரை ஓர் இலை தாங்கி வைத்திருந்தது.

வடிந்த பிறகுதான் மற்றது தெரிந்தது. பின்குற்றி இடப்பக்கம் ஒரு சாண் மணலுக்குள் இறங்கியிருந்தது. படகின் உட்பக்கம், அந்தக் குற்றிக்கு நேர்மேலே, குறுக்காக ஒரு முழ நீளத்தில் மயிரிழை வெடிப்பு.

என்ன நடந்தது

அன்று மாலை அத்தானிடம் படங்களைக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். திட்டவில்லை. "தறப்பாளுக்கு நடுவில் முகட்டுக் கழி வைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். வைக்கவில்லை.

அந்த ஒரு கேள்வியிலிருந்து பின்னோக்கிப் போனால் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. கூரைபோல் முகடு இல்லாமல் தட்டையாகக் கட்டிய தறப்பாள், நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தேக்கியது. கனம் ஏற ஏறக் கண்ணிகள் கிழிந்து உள்ளே விழுந்தது. திறந்த வாய்க்குள் மழையும் பூவரசம் சருகும் சேர்ந்து இறங்கின. துளை ஒன்றுதான், அதற்கு வலை மறைப்பும் இல்லை. ஓர் இலை போதுமாக இருந்தது. அணியத்தை உயர்த்தியது சரியான வேலை, ஆனால் துளை அடைபட்டதும் அதுவே வினையானது. தண்ணீர் முழுவதும் பின்னுக்கு ஓடி ஒரே குற்றியின் மேல் குவிந்தது. விளிம்பைத் தாண்டி வழிந்த தண்ணீர் நேரே குற்றியின் ஓரத்து மணலில் விழுந்து குழி பறித்தது. ஒரு பக்கம் இறங்கியதும் படகு முறுகியது. சின்னையா சொன்ன அதே விஷயம்: தண்ணீரில் எல்லாப் பக்கமும் தாங்கல், கரையில் இரண்டு குற்றி.

மாரியில் நிழல் எதற்கு? இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தம். வெயில் பைபரை வெளிறச் செய்யும் என்பது கோடைக்குரிய கவலை. அதை மழைக்காலத்துக்குக் கொண்டுவந்து, இலை உதிரும் மரத்தின் கீழ் ஒரு திறந்த பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனேன்.

நுளம்பு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்பு நல்ல தண்ணீரில்தான் பெருகும் என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. உவர் கலந்த தண்ணீரிலும் அது பெருகுகிறது என்பதும், கைவிடப்பட்ட படகுகள் அதற்கு நல்ல இடம் என்பதும் வடக்கு, கிழக்குக் கரைகளில் செய்த ஆய்வுகளில் தெரியவந்தன. தண்ணீர் தேங்கிய படகு ஊருக்கும் நோய் வைக்கும்.

வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று அறிய ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, சுற்றிலும் விரற்கடைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் 'டிங்' என்று தெளிவான ஒலி. வெடிப்பைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மரப்பெட்டியைத் தட்டியதுபோல் மந்தமான ஒலி. அங்கே படைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தன. சோக்கால் வட்டம் போட்டு வைத்தோம். உடனே ஒட்ட முடியாது. நனைந்த பைபரில் ரெசின் பிடிக்காது, ஈரக் காற்றில் சரியாக இறுகாது. தை நடுவில் வெயில் ஏறியபின் இரண்டு வாரம் காயவிட்டு, மந்த ஒலி தந்த பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தோம். ஓரங்களைச் செங்குத்தாக விடாமல், ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றர் என்ற அளவில் சரிவாக்கி, பைபர்ப் பாயைச் சிறிதிலிருந்து பெரிதாகப் படை படையாக வைத்து ஒட்டினார் முல்லைத்தீவிலிருந்து வந்த வேலையாள். சரிவு இல்லாமல் மேலே ஒரு துண்டை அப்பிவிடும் ஒட்டு முதல் அலையிலேயே உரிந்து வரும்.

சின்னையாவின் படகு

அதே நாட்களில் நீரேரியில் நின்ற படகுக்கு நடந்ததையும் நேர்மையாகப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

நவம்பர் முழுவதும் சின்னையா ஒரு மழையையும் தவறவிடாமல் போய் அள்ளினார். புரெவி இரவில் போக முடியவில்லை. விடிந்து போனபோது படகு விளிம்பு மட்டத்தில் மூழ்கிக் கிடந்தது. இருக்கைக்குக் கீழே அடைத்த நுரைக்கட்டி இருந்ததால் அடிக்குப் போகவில்லை. எஞ்சினை முன்பே கழற்றியிருந்தார். அள்ளி நிமிர்த்தினார். அடுத்த இரவில் தொடுவாய் உடைத்துக்கொண்டது. நங்கூரம் இழுபட்டு, படகு வாய்ப்பக்கமாகப் போய், நல்ல காலம், ஒரு கண்டல் வேரில் கயிறு சிக்கி நின்றது. காலையில் தண்ணீர் இறங்கியிருக்க, அது ஊரிச் சிப்பிகள் நிறைந்த திட்டில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கத்து ஜெல்கோட்டு முழுவதும் உரஞ்சுப்பட்டிருந்தது. வெடிப்பு இல்லை.

செலவைப் பார்த்தால் அந்த ஆண்டு எங்களைவிட அவருக்குக் குறைவு. இதை வைத்து "நீரேரிதான் நல்லது" என்று ஊரில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. கண்டல் வேர் இல்லையென்றால் படகு கடலில் போயிருக்கும். அதைவிட முக்கியமானது, அந்த மூன்று மாதமும் அறுபது கடந்த ஒரு மனிதர், குளங்கள் வான் பாய்ந்து முதலை இறங்குகிற நாட்களிலும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார் என்பது. அந்த உழைப்பையும் ஆபத்தையும் யாரும் செலவில் சேர்ப்பதில்லை. எங்கள் வெடிப்பு நான்கு தவறுகளால் வந்தது, நான்கும் ஒரு பின்னேரத்தில் திருத்தக்கூடியவை. அவருடைய சேதம் நீரேரியின் இயல்பால் வந்தது. அதைத் திருத்த முடியாது, காவல் இருக்கத்தான் முடியும். பைபர் படகு, அதுவும் தினமும் போய்ப் பார்க்க ஆள் இல்லாத குடும்பத்தின் படகு, கரையேற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மர வள்ளத்துக்கு இந்தத் தீர்ப்புப் பொருந்தாது. மரம் காய்ந்தால் பலகைப் பொருத்துகள் விரிந்து, மறுபடி இறக்கும் நாளில் ஒழுகும். தண்ணீரில் விட்டாலோ உவர் நீரில் மரந்துளைக்கும் புழு தின்னும். ஆனால் அந்தப் புழு நல்ல தண்ணீரில் தாங்காது என்பதால், மாரி நீரேரி பழைய வள்ளத்துக்கு ஒருவகை மருந்துத் தொட்டி. பெரியவர்கள் வள்ளங்களை நீரேரியில் விட்ட வழக்கம் இப்படி வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். மரத்துக்கு ஏற்ற வழக்கத்தை நாங்கள் பைபருக்கும் தொடர்ந்தோம். பைபர் படகிலும் மரம் உண்டு என்பதை மறக்கக்கூடாது. எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கிறது. திருகாணித் துளை வழியே மழைத்தண்ணீர் புகுந்தால் அது உளுத்துப்போகும். எஞ்சினைக் கழற்றியபின் அந்தத் துளைகளை மெழுகோ சீலரோ வைத்து அடைத்துவிட வேண்டும்.

அடுத்த மாரி

2021 ஐப்பசியில் அத்தான் தாமே நின்று வைப்பித்தார். கொஞ்சம் சாய்த்து நடக்கிறார், மற்றபடி சுகம். இடம் அதே மேடு, பூவரசிலிருந்து நாற்பது அடி தள்ளி, மேலே வானம் மட்டும். தென்னைக்குக் கீழும் வைக்கவில்லை. குற்றிகளை எடுத்துவிட்டு, மணல் நிரப்பிய உரப்பைகளை அடிமுதுகு நெடுக இடைவெளி இல்லாமல் அடுக்கி, அதன் மேல் படகை இருத்தினார். ஈர மணற்பை படகின் வளைவுக்கு ஏற்பத் தானே அமர்ந்துகொள்ளும். பின்பக்கத்தில் தண்ணீர் விழும் இடத்தில் உடைந்த ஓடுகளைப் பரப்பி, மணல் அரிக்காமல் வாய்க்கால் இழுத்தார். துளையின் மேல் உள்ளே ஒரு சிறிய கம்பிவலைக் கூண்டு. இலை வந்தாலும் கூண்டில்தான் ஒட்டும், சுற்றிலும் தண்ணீருக்கு வழி இருக்கும். நீளவாக்கில் ஒரு பூவரசங் கழியை முகடாகக் கட்டி, அதன் மேல் தறப்பாள், இரண்டு பக்கமும் சரிவாக. காற்றுக்குத் தறப்பாள் பாயாகிவிடும் என்பதால், மணல் நிரப்பிய நான்கு பைகளை மூன்றடி ஆழத்தில் புதைத்து, அவற்றிலிருந்து வந்த நைலோன் கயிறுகளால் படகைக் கட்டினார். தாழமுக்க அறிவித்தல் வந்தால் தறப்பாளைக் கழற்றிவிட வேண்டும், கூண்டும் துளையும் போதும் என்பது அவருடைய உத்தரவு.

மூத்த மருமகன் பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் ஒருதரம் எட்டிப் பார்ப்பான். அவன் பார்க்க வேண்டியது ஒன்றே: மழை பெய்யும்போது பின்னால் தண்ணீர் ஓடுகிறதா, இல்லையா. ஓடினால் பள்ளிக்கூடம், ஓடாவிட்டால் வீட்டுக்கு ஓடிவந்து சொல்ல வேண்டும்.

சின்னையா தன் படகை அந்த ஆண்டும் நீரேரியிலேயே விட்டார். அடுத்த ஆண்டு புரட்டிப் பார்த்தபோது அதன் அடியிலும் கொப்புளங்கள் கண்டு, நாணயத்தை என்னிடம் வாங்கித் தானே தட்டிப் பார்த்தார். 2022 ஐப்பசியில் உரப்பைகள் கேட்டு அனுப்பினார்.

ஒரு விஷயம் மிச்சம். கழற்றிய தக்கை எங்கே? முதல் ஆண்டில் அது அக்கா வீட்டு அடுப்படித் தட்டில் கிடந்து, தையில் அரை நாள் தேடினோம். தக்கை இல்லாமல் படகை இறக்கினால் கரையிலிருந்து நூறு பாகம் போவதற்குள் கால் நனையும். இப்போது அதைக் கழற்றிய கையோடு அத்தான் எஞ்சினின் கைபிடியில் கயிற்றால் கட்டிவிடுகிறார். எஞ்சின் படகுக்கு வரும் நாளில் தக்கையும் கூடவே வந்துவிடும்.